ஏழடி தூரத்தில் ஆங்கிலம்

"நவம்பர் 12. இலை இல்லை. டாக்டர் நல்ல ஆங்கிலம். நிறுத்தி நிதானமாகப் பேசினார். எல்லாம் புரிந்தது."

பட்டுப்புழு வளர்ப்புக் குறிப்பேடு ஒன்றின் பின்னட்டை உட்புறத்தில், அக்காவின் கையெழுத்தில், நீல மையில் இது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தேதி, நான்கு வாக்கியங்கள். ஆண்டு இல்லை. அக்கா எந்தக் குறிப்பிலும் ஆண்டு எழுதியதில்லை. புழு மனையின் வெப்பநிலை இருக்கும், ஈரப்பதம் இருக்கும், காலையில் எத்தனை கட்டு இலை போட்டார், மாலையில் எத்தனை என்பது இருக்கும். ஆண்டு மட்டும் இருக்காது. கேட்டால், "என்ன வருசம்னு தெரியாமலா இருக்கோம், அதை வேற எழுதணுமா" என்பார். முப்பத்தொரு ஆண்டுகள் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, தேதியில்லாத காகிதத்தைக் கையால் தொடாமல் பழகிய எனக்கு, அக்காவிடம் பிடிக்காத ஒரே பழக்கம் இதுதான். அவர் போன பிறகு அது இன்னும் பிடிக்காமல் போயிருக்கிறது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நவம்பர் 12 எந்த ஆண்டினது என்று தெரிந்தால், அக்கா தன் நோயைப் பற்றி எப்போது அறிந்தார் என்பது தெரிந்துவிடும். ஏழு மாதம் நாங்கள் அவரிடமிருந்து உண்மையை மறைத்தோமா, அல்லது முதல் நாளே எல்லாம் தெரிந்த அவரைத் தனியாக விட்டுவிட்டு ஏழு மாதம் நாடகம் ஆடினோமா என்பதும் தெரிந்துவிடும். அக்காவின் நினைவாக வெளிவரும் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலரும் அந்த நாடகத்தில் பங்கெடுத்தவர்கள். அதனால் அவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அக்கா மொரப்பூரை அடுத்த எங்கள் ஊரில், பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பள்ளிச் சான்றிதழில் ஜூன் முதல் தேதி என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள்; வாத்தியார் போட்ட தேதி அது. அம்மா சொன்னது ஐப்பசி, அடைமழை, திங்கட்கிழமை. மலரின் முதல் பக்கத்தில் அச்சாகியிருப்பது சான்றிதழ்த் தேதி. ஆண்டுகள் எல்லாம் அங்கேயே இருப்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை.

பத்தாம் வகுப்பில் அக்கா ஒரே ஒரு பாடத்தில் தவறினார். ஆங்கிலம், முப்பத்தொன்று. அடுத்த முறை எழுதினால் ஆகிவிடும் என்று தலைமையாசிரியர் வீடு தேடி வந்து சொன்னார். அப்பா, "பொட்டப்புள்ளைக்கு இது போதுங்க சார்" என்றார். அடுத்த ஆண்டே ஏழாம் வகுப்பில் நான் கணக்கில் தவறினேன். எனக்கு டியூஷன் வைத்தார்கள். இதைப் பற்றி அக்கா ஒருநாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதியமான்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தவர். வேளாண் செய்தி கேட்க அவர் வாங்கிய ரேடியோ புழு மனையின் வாசல் ஆணியில் தொங்கியது. அதன் முள்ளைத் திருப்பும்போது ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையம் அக்காவுக்கு அகப்பட்டது. ஒரு பெண்மணி நிதானமான ஆங்கிலத்தில் கதை படித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே புரியலை. ஆனா கோவமா படிக்கிறாங்களா, வருத்தமா படிக்கிறாங்களான்னு தெரிஞ்சுது. அதுவே போதும்னு உக்காந்துட்டேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

பட்டுப்புழு தன் வாழ்நாளில் நான்கு முறை தூங்கும். தூக்கத்தில்தான் தோலுரிக்கும். அப்போது இலை போடக் கூடாது. இருபத்தைந்து, இருபத்தாறு நாள் வளர்ப்பில் அக்காவுக்குக் கை ஓய்வது அந்த நான்கு தூக்கத்தில் மட்டும்தான். ஆகவே தூக்க நாள்களில் மட்டும் கதையை முழுதாகக் கேட்டார். மற்ற நாள்களில் இலை வெட்டப் போகும்போது நடுப்பகுதி போய்விடும், தட்டு மாற்றும்போது முடிவு போய்விடும். நான்காம் தூக்கம் முடிந்து புழு பெரிதாகிவிட்டால் அவை இலை தின்னும் சத்தத்தில் ரேடியோவே கேட்காது. இப்படித்தான் படித்தார், ஆண்டுக்கணக்கில். குறிப்பேடுகளில் அதற்குச் சான்று இருக்கிறது:

"மூன்றாம் தூக்கம். வெப்பம் 25. கதை. வக்கீல் பொய் சொன்னது வேலைக்காரிக்குத் தெரியும். அரை புரிந்தது."

"நான்காம் தூக்கம். தேனீ பற்றிப் பேச்சு. முக்கால் புரிந்தது."

கால், அரை, முக்கால் என்று ஒவ்வொன்றையும் அளந்து எழுதியிருக்கிறார். என்னிடம் உள்ள பதினொரு குறிப்பேடுகளிலும் தேடினேன். "எல்லாம் புரிந்தது" என்று மூன்றே இடங்களில்தான் இருக்கிறது. இரண்டு, ரேடியோக் கதைகள். மூன்றாவது, நான் முதலில் எடுத்துக்காட்டிய குறிப்பு. அக்கா அந்தச் சொல்லைச் சும்மா எழுதுகிறவர் அல்லர்.

மாமாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது கேட்பார்: "என்ன, உன் தொரை இன்னிக்கு என்னா சொல்றாரு? மல்பெரிக்கு எரு போடச் சொல்றாரா?"

"ஆமாங்க. உங்களைத்தான் சொல்றாரு. போன மாசமே சொன்னேனே, இன்னும் போடலியான்னு கேக்கறாரு" என்பார் அக்கா, முகத்தைத் திருப்பாமலே.

நான் வேலைக்குச் சேர்ந்ததும், அக்காவைத் தனித்தேர்வராக மறுபடி ஆங்கிலத் தேர்வு எழுத வைத்தேன். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். இருபத்தேழு வந்தது. முன்பு வாங்கியதைவிட நான்கு குறைவு. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இத்தன வருசம் ரேடியோ கேட்டு என்னக்கா பிரயோசனம்? ஒரு பரிச்சை பாஸ் பண்ண முடியல."

"பரிச்சைக்கா கேட்டேன்?" என்றார்.

அதோடு விடாமல் வேறொரு சோதனை வைத்தேன். பொங்கலுக்குப் போயிருந்தபோது ஓர் ஆங்கில நாளிதழைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி இரண்டு வரி படித்தார், வைத்துவிட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "அக்காவுக்கு இங்கிலீஷ் எல்லாம் தெரியாது. கேக்கறதோட சரி." காதால் கற்றவரைக் கண்ணை வைத்துச் சோதித்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் நிலைமை அதற்கு நேர்மாறானது என்பதும் உறைக்கவில்லை. எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் வரையத் தெரியும். யாராவது விடாமல் பேசினால் பாதிக்கு மேல் பிடிபடாது. இந்த மலரில்தான் இதை முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

கண்ணெதிரில் நடந்ததையும் நான் கவனிக்கவில்லை. ஒருமுறை குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தோம். எங்களுக்கு முந்தைய பரிசலில் வடநாட்டுத் தம்பதியர் ஏறினார்கள். ஆங்கிலத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்த ஆள் சிரித்தார். அக்கா பரிசல்காரரைக் கூப்பிட்டு, "ஏங்க, அந்தம்மாவை நடுவுல உக்கார வைங்க. சின்ன வயசுல தண்ணியில முழுகிப் பொழைச்சவங்களாம். ஓரத்துல உக்கார பயப்படறாங்க, அவரு கிண்டல் பண்றாரு" என்றார். பரிசல்காரர் அப்படியே செய்தார். அந்தப் பெண்மணி திரும்பி அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மொகத்தைப் பாத்தே சொல்லிட்டியேக்கா" என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்த்தார். தண்ணீரில் முழுகியது முகத்தில் எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொள்ளும் அறிவு எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

பிறகு கைப்பேசி வந்தது. அக்காவின் மகள் பூங்கொடி, ஆங்கிலப் பேச்சுகளும் கதைகளும் வருமாறு அதில் செய்து கொடுத்தாள். காதில் மாட்டிக்கொண்டு இலை போடலாம், விட்ட இடத்தைத் திரும்பக் கேட்கலாம். அதன்பின் குறிப்பேடுகளில் "முக்கால்" அடிக்கடி வருகிறது.

நோய் வயிற்றுவலியாகத் தொடங்கியது. தீபாவளி கழிந்து, நவம்பர் 12 அன்று, அக்காவைச் சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அன்றைய அனுமதிச் சீட்டு என்னிடம் இருக்கிறது. இந்தத் தேதியில் ஐயமில்லை. பரிசோதனை முடிவுகளை டாக்டர் முன்பே பார்த்திருந்தார். அக்காவைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தார். அக்கா துணித் திரைக்குப் பின்னால் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். டாக்டர் தமிழில் பேச ஆரம்பித்ததும் நான் மேசைமேல் குனிந்தேன்.

"சார், கொஞ்சம் இங்கிலீஷ்ல சொல்லிருங்க."

"ஏன்? அவங்களுக்குத் தமிழ்தானே தெரியும்?"

"அதனாலதாங்க சார்."

டாக்டர் ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். வேகமாகச் சொன்னதாக எனக்கு நினைவு. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்பது புரிந்தது. முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் புரியவில்லை. திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது.

திரை விலகி அக்கா வந்தார். வெளியே வந்ததும் கேட்டார்: "என்னடா சொன்னாரு?"

"ஆறு தடவை மருந்து ஏத்தணுமாம். ஏத்தினா சரியாயிடும்னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமாக்கா."

"சரிடா" என்றார். பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். நோயாளி அவர், இளநீர் குடித்தது நான்.

வீட்டில் மாமாவிடமும் பூங்கொடியிடமும் அதையே சொன்னேன். எழுத்தில் வந்த அறிக்கையை நவம்பர் 21 அன்று அகராதியோடு உட்கார்ந்து படித்த பிறகுதான் எனக்கே உண்மை தெரிந்தது. மருந்து நோயைத் தீர்க்காது, நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். டாக்டர் முதலிலும் கடைசியிலும் சொன்னது இதைத்தான். மூவரும் கூடி, அக்காவுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தோம். பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரிடமும் வாசலிலேயே சொல்லிவைத்தோம். "கல்லு மாதிரி இருக்கீங்க, ஒண்ணுமில்ல" என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்தார்.

தை பிறந்ததும் ஒரு சண்டை வந்தது. அடுத்த வளர்ப்புக்கு இளம்புழு வர வேண்டிய நாள் நெருங்கியது. அக்கா வேண்டாம் என்றார். வேலையை விட்டால் மனம் தளர்ந்துவிடுவார் என்று நாங்கள் வற்புறுத்தினோம். மற்ற வேலையை எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வதாகப் பூங்கொடி சொன்னாள். மாமா குரலை உயர்த்தினார். நானும் சேர்ந்துகொண்டேன்.

"ஒடம்பு சரியாயிட்டு வருதுல்ல. எதுக்கு இப்படிச் சோம்பிப் போற?"

"இந்த வாட்டி புழு வேண்டாம்டா. மூணாம் தூக்கத்துல விட்டுட்டுப் போறாப்ல ஆச்சுன்னா அதுங்க பாவம் இல்லியா."

"எங்க போகப் போற? ஆஸ்பத்திரிக்கா? போனா ரெண்டு நாள்ல வந்துரப்போறோம்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "உனக்கு எல்லாத்தையும் எழுத்துலதான் குடுக்கணும்" என்றார். நான் அதை என் எழுத்தர் உத்தியோகத்தின் மேல் வைத்த கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

புழு வரவில்லை. தட்டுகளையெல்லாம் கழுவி, வெயிலில் காயவைத்து, புழு மனைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் செய்து, பூட்டிச் சாவியை மாமாவிடம் கொடுத்தார்.

கடைசி வாரத்தில் நான் உடன் இருந்தேன். காதில் மாட்டிக்கொள்வது வலிக்கிறது என்று கைப்பேசியைத் தலையணை அருகே வைத்து வெளிச்சத்தமாகவே கேட்டார். ஒரு பிற்பகல், ஓர் ஆள் ஆங்கிலத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வழக்கம்போல் பாதிதான் பிடிபட்டது.

"என்னக்கா சொல்றான்?"

அக்கா கண்ணைத் திறந்தார். "இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

பிறகு அந்த ஆள் பேசப் பேச, வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "உருளைக்கெழங்கு மொதமொதல்ல வந்தப்ப யாரும் திங்கலியாம்டா. பூவை மட்டும் கொண்டையில வச்சிக்கிட்டாங்களாம். கெழங்கைத் தின்னா நோவு வரும்னு பயந்தாங்களாம்." மூச்சு வாங்க நிறுத்தினார். "பயந்துக்கிட்டே பட்டினி கெடந்தாங்களாம், பக்கத்துலயே கெழங்கு இருக்க."

அப்போது கேட்டிருக்கலாம். சேலத்தில் அந்த அறையில் எல்லாம் கேட்டதா என்று ஒரே ஒரு கேள்வி. நாக்கு நுனிவரை வந்தது. "வெந்நீர் வேணுமாக்கா?" என்றுதான் கேட்டேன்.

அதன்பின் ஆறாம் நாள், ஜூன் மாதத்தில், காலை ஏழு பத்துக்கு அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அந்தப் பேச்சு பூங்கொடியின் கைப்பேசியில் இருக்கிறது. கருமாதி முடிந்து, அவள் உதவியோடு நிறுத்தி நிறுத்தி முழுவதும் கேட்டேன். அக்கா சொன்னதில் ஒரு வாக்கியம்கூடப் பிசகவில்லை. ஆகவே அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். நான் ஊரெல்லாம் சொல்லிவந்தது தவறு. அதை இந்த மலரில் அச்சில் திருத்திக்கொள்கிறேன்.

மீதி இருப்பது, அன்று அறையில் அவர் காதில் விழுந்ததா என்பது மட்டுமே. சென்ற மாதம் அந்த மருத்துவமனைக்குப் போய், அனுமதி கேட்டு, மேசைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்தேன். ஏழடி. மின்விசிறி ஓடினால் சத்தம் வருகிறது. அன்று ஓடியதா என்று நினைவில்லை. டாக்டர் மரியாதையாகப் பேசினார். அவருக்கும் அந்த நாள் நினைவில் இல்லை.

குறிப்பை எழுதிய நாளுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு முன், பட்டு வளர்ப்போர் குழு ஒன்று தருமபுரியில் பயிற்சி முகாம் நடத்தியது. புழு நோய்களைப் பற்றி ஒரு விஞ்ஞானி, அவரும் டாக்டர் பட்டம் பெற்றவர், ஆங்கிலத்தில் பேசினார். அக்கா போயிருந்தார். அதுவும் தீபாவளி கழிந்துதான் என்கிறார் மாமா. "இலை இல்லை", அதாவது அன்று அவர் புழுவுக்கு இலை போடவில்லை என்பது, இரண்டு நாளுக்கும் பொருந்தும். இரண்டு நாளும் அக்கா ஊரில் இல்லை. பின்னட்டையில் தனியாக எழுதியிருப்பதால் முன்பின் பக்கங்களை வைத்தும் முடிவு செய்ய முடியவில்லை.

"அந்த முகாமுல பேசினவரு ரொம்ப வேகங்க மாமா. பாதிதான் புடிச்சேன்னு அம்மாவே வந்து சொல்லுச்சு" என்று பூங்கொடி என்னிடம் சொல்கிறாள். இது நினைவு, ஆவணம் அன்று. சேலத்து டாக்டரும் வேகமாகத்தான் பேசினார் என்பது என் நினைவு. எனக்கு வேகமாகப் பட்டது அக்காவின் காதுக்கு நிதானமாக இருந்திருக்குமா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் வாரம் தவறாமல் சேலத்துக்குக் கார் ஓட்டி வந்த பக்கத்துத் தோட்டத்து நண்பருக்கும், மருந்து ஏற்றிய நாள்களில் கையைப் பிடித்தபடி நின்ற செவிலியர்களுக்கும், எங்கள் பேச்சை நம்பி அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு வாசலில் நின்று அழுத உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் யாரிடமாவது அக்கா தன் நோயைப் பற்றி ஒரு சொல்லாவது பேசியிருந்தால், நாள் நினைவிருந்தால் நாளோடு, எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முகாமை நடத்திய குழு இப்போது இயங்கவில்லை. அதன் வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். முகாம் நவம்பர் 12 அன்று நடந்ததா, வேறு நாளிலா என்பது இம்மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.